மரத்தூண்களின் அடிப்பாகம் இற்றுப்போவதையும் கரையான் ஏறுவதையும் தடுப்பது எப்படி?

வீட்டின் முன்புறக் கூரையைத் தாங்கும் நான்கு மரத்தூண்களில் இரண்டின் அடிப்பாகம் இற்று மென்மையாகிவிட்டது. அவற்றில் ஒன்றின் மேல் மண்கோடு ஏறியிருக்கிறது. தூண்களைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குக் கான்கிரீட் போட்டு, மண்ணில் கரையான் மருந்தை ஊற்றிவிட்டால் போதும் என்று வேலை செய்பவர் சொல்கிறார், அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கான்கிரீட் போட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து தேவைப்படலாம். ஆனால் தூணின் அடிக்கு ஈரம் வரும் வழியை அடைக்காதவரை எந்த மருந்தும் சில ஆண்டு அவகாசத்தைத் தவிர வேறெதையும் தராது. ஆகவே வேலையை ஈரத்திலிருந்து தொடங்க வேண்டும். மருந்துக்கு இரண்டாம் இடம்தான்.

அதற்கும் முன்னால், தூணைக் கெடுப்பது எது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பூஞ்சையால் மரம் இற்றுப்போவதும், மண்ணிலிருந்து ஏறும் கரையான் அரிப்பதும், மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையான் அரிப்பதும், உளுவண்டு துளைப்பதும் வெவ்வேறு சேதங்கள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிக்காது. பென்சில் பருமனில் மண்கோடு தெரிந்தால் அது மண்ணிலிருந்து வரும் கரையான். தூணின் அடியில் மணல்போல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, ஆறு பட்டைகள் கொண்ட கெட்டியான துகள்கள் குவிந்திருந்தால் அவை உலர்மரக் கரையானின் எச்சம். மாவுபோன்ற நுண்ணிய தூளும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளைகளும் உளுவண்டைக் காட்டும். இவை எதுவும் இல்லாமல் மரம் பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறது என்றால் அது பழுப்பு அழுகல். வெளுத்து, பஞ்சுபோல் நார் நாராகப் பிரிகிறது என்றால் வெள்ளை அழுகல். உங்கள் தூண்களில் இரண்டு சேதங்கள் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனெனில் ஈரமான மரத்தைப் பூஞ்சையும் மண்கரையானும் ஒருங்கே நாடுகின்றன.

கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும் மரத்தை நம்பிவிடக் கூடாது. முனை கூரான திருப்புளியையோ குத்தூசியையோ எடுத்து, அரை சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி சாய்வாகக் குத்தி நெம்பிப் பாருங்கள். நல்ல மரமாக இருந்தால் சடசடவென்ற ஒலியோடு, குத்திய இடத்திலிருந்து தள்ளி, நீளமான சிராய் ஒன்று ஒரு முனையில் மரத்தைப் பற்றிக்கொண்டே எழும்பும். இற்றுப்போகத் தொடங்கிய மரத்தில் அந்த ஒலி கேட்காது; சிராய் கருவிக்கு நேர்மேலேயே குட்டையாக ஒடிந்து இரு துண்டாகிவிடும். நிறத்தில் மாற்றம் தெரிவதற்கு முன்பே இந்த வேறுபாடு தெரிந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையை நான் பெரிதாக மதிக்கிறேன். பழுப்பு அழுகலில் மரத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் அதிர்வைத் தாங்கும் வலிமையில் பெரும்பகுதி போய்விடுகிறது. கண் காட்டிக்கொடுக்கும் நிலையில் தூண் ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும். கரையானைப் பொறுத்தவரை, சுத்தியலின் பிடியால் அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். வெளித்தோலை மட்டும் விட்டுவிட்டு உள்ளே நார் ஓடும் போக்கிலேயே அது தின்றுகொண்டு போவதால், ஒலி திடீரென்று பொள்ளலாக மாறும் இடத்தில் சேதம் இருக்கிறது. அந்த உயரத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள்; பழுதுபார்க்கும்போது அந்தக் கோடு தேவைப்படும்.

இனி, அடிப்பாகம் மட்டும் ஏன் கெடுகிறது என்பதைப் பார்க்கலாம். பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. அவற்றைத் தடுக்க இயலாது. ஆனால் அவை முளைத்து மரத்தைத் தின்ன நான்கும் ஒருங்கே வாய்க்க வேண்டும்: உணவாக மரம், மிதமான வெப்பம், காற்று, போதிய ஈரம். இவற்றில் நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் ஈரப்பதம் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் நடப்பதில்லை. நார்களின் சுவர்கள் முழுவதும் நீரால் நிறையும் நிலையான 28 முதல் 30 சதவீதத்தைத் தாண்டும்போது அது வேகம் பிடிக்கிறது. கூரைக்குக் கீழே காற்றோட்டத்தில் நிற்கும் தூணின் நடுப்பகுதி இந்த எல்லையை எட்டுவதே இல்லை. அடிமுனையின் நிலை வேறு. மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலே கொண்டுசென்ற நுண்குழாய்கள் அங்கே வெட்டப்பட்டுத் திறந்தபடி இருப்பதால், பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் அந்த முகம் நீரை உறிஞ்சுகிறது. தரையிலிருந்து ஏறும் ஓதமும், சாரலும், தளத்தில் பட்டுத் தெறிக்கும் மழைநீரும், தரையைக் கழுவும் நீரும் சேர்வதும் அங்கேதான்.

இதனால்தான் கான்கிரீட் உறை ஆபத்தானது. ஈரம் ஏறும்போது மரம் உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது; கான்கிரீட் அதற்கு ஈடுகொடுத்து அசைவதில்லை. ஒரு மழையும் ஒரு கோடையும் கடப்பதற்குள் தூணுக்கும் உறைக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விழுந்துவிடும். தூணின் மேல் வழியும் நீர் அந்த வழியாக இறங்கி, வெளியேற வழியின்றி, கிண்ணத்தில் தேங்குவதுபோல் அடியில் தேங்கும். காற்றும் வெயிலும் படாத அந்த இடத்தில் மரம் ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கும். கரையானுக்கும் அந்த இடைவெளி மறைவான பாதையாகிவிடும். முன்பு வெளியே தெரிந்த மண்கோடு இனி உள்ளே ஓடும், கூரை இறங்கும்வரை கண்ணில் படாது. தூணின் வெளிப்பார்வை திருத்தமாக இருப்பதால் வீட்டுக்காரரும் நிம்மதியாக இருந்துவிடுவார் என்பதுதான் இதில் எனக்குள்ள பெரிய கவலை.

தூணை மண்ணில் ஊன்றாமல் கல்லின் மேல் நிறுத்த வேண்டும் என்பது கட்டடக் கலை மிக முன்னரே கண்டறிந்த பாடம். நார்வேயில் முதலில் கட்டப்பட்ட மரத் தேவாலயங்களின் தூண்கள் நேரடியாக மண்ணில் நடப்பட்டன. அவை இற்று விழுந்தன, இன்று ஒன்றும் எஞ்சவில்லை. பின்னர் வந்த தச்சர்கள் கல் அடித்தளத்தின் மேல் கிடைவிட்டங்களைப் படுக்கவைத்து அவற்றின் மேல் தூண்களை நிறுத்தினார்கள். 1130-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட ஊர்னெஸ் தேவாலயம் அந்த முறையால் இன்றும் நிற்கிறது. அங்கே மரம் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. தூணின் அடி மண்ணை விட்டு மேலே ஏறியது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் தூண்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். ஒவ்வொரு தூணின் கீழும், முடிவுற்ற தரைமட்டத்திலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர், மழை நேரடியாக விழும் இடமானால் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல் அல்லது நல்ல கான்கிரீட் பீடம் வேண்டும். பீடத்தின் தலை தூணின் அளவுக்குச் சரியாகவோ சற்றுச் சிறிதாகவோ இருக்கட்டும். அழகுக்காக அகலமாக விட்டால் நான்கு பக்கமும் ஒரு விளிம்பு கிடைக்கும், அதில் நீர் நிற்கும். தவிர்க்க முடியாமல் அகலமாக விட நேர்ந்தால் விளிம்புக்கு வெளிநோக்கி நல்ல வாட்டம் கொடுங்கள். கல்லும் கான்கிரீட்டும் ஓதத்தை மேலே கடத்துபவை. எனவே பீடத்துக்கும் மரத்துக்கும் இடையில் நீர் உறிஞ்சாத தகடோ விரிப்போ கட்டாயம் வேண்டும். அது தூணின் விளிம்பைவிடச் சில மில்லிமீட்டர் உள்ளடங்கியே இருக்க வேண்டும். தட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வழியும் நீரைப் பிடித்து மரத்தின் அடிக்கே அனுப்பிவிடும். இதைவிடவும் நல்லது, மரத்தைப் பீடத்துக்கு மேல் 25 மில்லிமீட்டராவது தூக்கிப் பிடிக்கும் எஃகுத் தாங்கி. அடிமுனையைச் சுற்றிக் காற்று நடமாடும்; நனைந்தாலும் விரைவில் காய்ந்துவிடும்; கரையான் ஏறினால் அந்த இடைவெளியில் மண்குழாய் கட்டித்தான் தாண்ட வேண்டும் என்பதால் கண்ணில் பட்டுவிடும்.

சுற்றுப்புறத்திலும் கவனம் வேண்டும். கூரையின் விளிம்பு தூணிலிருந்து போதிய அளவு வெளியே நீண்டிருக்கிறதா, அங்கிருந்து ஒழுகும் நீர் எங்கே விழுகிறது என்று மழையின்போதே நின்று பாருங்கள். தூணை ஒட்டிப் பூந்தொட்டி வைப்பது, மண்ணையோ விறகையோ அட்டைப் பெட்டிகளையோ குவிப்பது, கொடி ஏற்றிவிடுவது எல்லாம் கரையானுக்கு நாமே போட்டுக்கொடுக்கும் வழிகள். தரையைப் புதுப்பிக்கும்போது பழைய தளத்தின் மேலேயே இன்னொரு அடுக்கு ஓடு பதித்து, பீடத்தின் உயரத்தைப் பாதியாக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

மரத்தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த மரமானாலும் வெளிர் நிறமான புறப்பகுதிக்கு அழுகலையும் பூச்சியையும் தாங்கும் ஆற்றல் இல்லை. தேக்கு போன்ற மரங்கள் நீடித்து உழைப்பது வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் சேர்ந்துள்ள இயற்கைப் பொருட்களால்தான். ஆகவே தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பாமல், துண்டின் குறுக்குவெட்டில் வெளிர்ப்பகுதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

காப்பு மருந்துகளில் வீட்டில் நின்றுகொண்டிருக்கும் தூணுக்கு நான் முதலில் நினைப்பது போரேட் உப்புகள். மனிதருக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்த இவை பூஞ்சையையும் கரையானையும் உளுவண்டையும் ஒருங்கே தடுக்கின்றன. நீரில் கரைபவை என்பதால் ஈரமான மரத்துக்குள் தாமாகவே பரவிச் செல்கின்றன. அந்தக் கரையும் தன்மையே அவற்றின் குறையும்: மண்ணைத் தொடும் மரத்திலிருந்தும், மழையில் நனைந்துகொண்டே இருக்கும் மரத்திலிருந்தும் அவை கழுவப்பட்டுப் போய்விடும். பெயிண்டின் மேல் பூசினாலும் உள்ளே இறங்காது. பழைய பூச்சைச் சுரண்டி வெறும் மரத்தின் மேல் பூச வேண்டும். தூணின் அடியில் சிறு துளைகள் இட்டு, போரேட் குச்சிகளைச் செருகி அடைத்துவைக்கும் முறையும் உண்டு. மரம் நனையும்போதுதான் குச்சி கரைந்து பரவும் என்பதால் தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் இடத்துக்கு மருந்து போய்ச் சேர்கிறது. நீர் அவ்வப்போது பட்டே தீரும் தூண்களுக்கு இது பொருத்தமானது.

புதிதாகத் தூண் வாங்குவதானால், தொழிற்சாலையில் அழுத்தத்தின் மூலம் மருந்து ஏற்றிய மரம் நல்லது. இந்த முறைக்கு நெடிய வரலாறு உண்டு. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் செலுத்தும் முறைக்கு ஜான் பெத்தல் 1838-ல் காப்புரிமை பெற்றார். செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த கலவையை 1933-ல் சொண்டி காமேசன் டேராடூனில் இருந்த வன ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கினார். அந்தக் கலவை உலகெங்கும் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. ஆர்சனிக் குறித்த அச்சத்தால் அமெரிக்காவில் 2003-ன் இறுதியோடு பெரும்பாலான வீட்டு உபயோகங்களிலிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆர்சனிக் இல்லாத செம்புக் கலவைகள் அந்த இடத்துக்கு வந்துள்ளன. மருந்தேற்றிய மரத்தை வாங்குவோர் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. மருந்து முழு ஆழத்துக்கும் இறங்கியிருக்காது. எனவே அளவுக்கு அறுத்ததும் தெரியும் புதிய முனையில் காப்பு மருந்தை ஊறும்வரை மீண்டும் மீண்டும் பூச வேண்டும், அறுக்காத முனையே கீழே வரும்படி நிறுத்த வேண்டும். அடுத்து, செம்பு சாதாரண இரும்பை விரைவில் துருப்பிடிக்கவைக்கும் என்பதால் ஆணி, போல்ட், தாங்கி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ கனமான துத்தநாகப் பூச்சுள்ளவையாகவோ இருக்க வேண்டும். பழைய மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பெரிக்க ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஆர்சனிக் கலவை ஏற்றிய மரமானால் அந்த நச்சு புகையிலும் சாம்பலிலும் வந்துசேரும்.

வீட்டு வைத்தியமாகச் சொல்லப்படும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். கழிவு இன்ஜின் ஆயில் மரத்தின் மேற்பரப்பைத் தாண்டிப் பெரிதாக இறங்குவதில்லை. மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது, பின்னர் எந்தப் பூச்சையும் ஒட்டவிடுவதில்லை. அடிப்பாகத்துக்குத் தார் பூசுவது, மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் ஓரளவு உதவும். ஈரமான மரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளேயே சிறைவைத்து அழுகலை வேகப்படுத்தும். பெயிண்டுக்கும் வார்னிஷுக்கும் இது பொருந்தும். அடியைத் தீயில் கருக்கிவிட்டால் கரையான் தொடாது என்ற நம்பிக்கையையும் நான் ஏற்பதில்லை. கருகிய தோல் வெடிக்கும், வெடிப்பின் வழியே பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போகும்.

கரையானுக்கு வருகிறேன். உங்கள் தூணில் உள்ள மண்கோட்டின் நடுவில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். உடைந்த இடம் ஈர மண்ணால் மீண்டும் மூடப்பட்டிருந்தால் கூட்டம் உள்ளே உழைத்துக்கொண்டிருக்கிறது. மூடப்படாவிட்டால் அந்தப் பாதையைக் கைவிட்டிருக்கலாம். வேறு பாதை இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கோடு முழுவதையும் துடைத்தெறிந்துவிட்டு மேலே பெயிண்ட் அடிப்பதால், மருந்திடுபவருக்கு வழிகாட்டக்கூடிய தடயம்தான் அழிகிறது.

கூட்டின் தலைமையிடம் பெரும்பாலும் மண்ணில் இருக்கும் என்பதால் தூணில் மட்டும் மருந்து தெளிப்பது போதாது. தூண்களின் சுற்றுப்புற மண்ணிலும், தளம் சுவரோடு சேரும் இடங்களிலும் துளையிட்டுத் திரவ மருந்து செலுத்துவது ஒரு முறை. பைஃபென்த்ரின் போன்றவை கரையானை விரட்டுகின்றன. ஊற்றிய வளையத்தில் ஓரிடம் விட்டுப்போனாலும் அது அந்த வழியைத் தேடிக் கண்டுகொள்ளும். ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் போன்றவற்றைக் கரையானால் உணர முடிவதில்லை. அவற்றின் ஊடே போய்த் திரும்பி, தன் கூட்டத்துக்கும் ஓரளவு கொண்டுசேர்க்கிறது. என் தேர்வு பின்னதுதான். இன்னொரு முறை இரைப்பொறி: தோலுரிப்பதைத் தடுக்கும் ஹெக்ஸாஃப்ளுமுரான் போன்ற மருந்து கலந்த இரையை மண்ணில் வைத்து, கூட்டத்தையே படிப்படியாக அழிப்பது. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். ஆனால் மண்ணில் இறங்கும் நஞ்சு மிகக் குறைவு என்பதால் கிணறோ குளமோ அருகில் உள்ள வீடுகளுக்கு இதையே முதலில் கருத வேண்டும். பழைய கையிருப்பில் ஆல்ட்ரினோ குளோர்டேனோ இருக்கிறது, அதுதான் உண்மையில் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். எளிதில் அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்த 2001-ல் நாடுகள் ஏற்ற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டு நஞ்சுகளில் அவை இரண்டும் அடங்கும். பல பத்தாண்டுகள் அழியாமல் மண்ணிலும் உடலிலும் தங்குபவை.

பீடம் கட்டும்போதே அதன் தலைமேல் துருப்பிடிக்காத தகடு ஒன்றைப் பொருத்தி, நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் அளவு வெளியே நீட்டி, விளிம்பைக் கீழ்நோக்கி மடித்துவிடுவதும் உண்டு. இத்தகடு கரையானை நிறுத்திவிடாது. விளிம்பைச் சுற்றி, வெளிச்சத்தில், நம் கண்ணெதிரே பாதை கட்டும்படி செய்யும். அடிக்கடி பார்க்கிறவர்களுக்கு இது மிகுந்த பயன் தரும், பார்க்காதவர்களுக்கு எந்தப் பயனும் தராது.

இனி உங்கள் இரண்டு தூண்களைப் பழுதுபார்க்கும் வேலை. கூரையின் பாரம் தூணில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அதன் அடியை அறுப்பது உயிருக்கு ஆபத்து. கட்டடப் பொறியாளர் ஒருவர் பாரத்தைக் கணக்கிட்டுச் சொன்ன பிறகே தொட வேண்டும். பொதுவாக, தூணின் இரு பக்கமும் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, முட்டுகளின் அடியில் கனமான பலகைகளைப் போட்டுப் பாரத்தைப் பரப்பி, ஜாக்கியால் தூண் தளரும் அளவுக்கு மட்டும், அதாவது இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துவார்கள். அதற்கு மேல் தூக்கினால் கூரை ஓடுகளும் சுவர்ப்பூச்சும் விரிசல் விடும். பிறகு, முன்பே குறித்த சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, சிராய்ச் சோதனையில் நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கும் சற்று மேலே நேராக அறுக்க வேண்டும். அறுத்த முகத்தில் நிறம் மாறிய புள்ளியோ கரையான் தின்ற தடமோ தெரிந்தால் இன்னும் மேலே போக வேண்டும். இந்த இடத்தில் மரத்தை மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது.

அறுத்ததால் குறைந்த உயரம் ஓர் அடிக்குள் இருந்தால், புதிய மரம் ஒட்டுப்போடாமல் பீடத்தையே அந்த அளவு உயர்த்திவிடுவது எளிது, நிலைத்தும் நிற்கும். அதற்கு மேல் போனால், அதே வகை மரத்தின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த, நன்றாகக் காய்ந்த துண்டை, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியும் நீண்ட இணைப்பாகச் சேர்த்து, போல்ட் இட்டு இறுக்க வேண்டும். இணைப்பின் நீளத்தைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். பீடத்தின் நடுவில் பதித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியோ தாங்கியோ தூணைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் பக்கத்திலிருந்து ஒரு மோதலோ, கூரையைத் தூக்கும் பெருங்காற்றோ தூணைப் பீடத்திலிருந்து நகர்த்திவிடும். இற்ற பகுதியைச் சுரண்டிவிட்டு, எபாக்சி என்ற இறுகும் பிசினை நிரப்பும் முறை அலங்கார வேலைக்குச் சரி. பாரம் தாங்கும் தூணின் அடிக்கு அதை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் சுற்றியுள்ள மரத்தில் பூஞ்சை எஞ்சியிருந்தால் நிரப்பிய கட்டியைச் சுற்றி அழுகல் தொடரும்.

வேலையின் வரிசை இப்படி அமையட்டும்: முதலில் கூரை நீரையும் தரை வாட்டத்தையும் சரிசெய்தல், அடுத்து மண்ணில் உள்ள கரையானுக்கு மருந்து அல்லது இரைப்பொறி, அதன் பின் முட்டுக்கொடுத்துத் தூண்களை அறுத்துப் பீடம் அமைத்தல், அறுத்த முகங்களிலும் துளைகளிலும் போரேட் ஊறவிடுதல், மரம் நன்றாகக் காய்ந்த பிறகு கடைசியில் வெளிப்பூச்சு. இன்னும் மென்மையாகாத மற்ற இரண்டு தூண்களையும் இதே தருணத்தில் குத்திப் பாருங்கள். அவற்றின் அடியும் தரையைத் தொட்டபடி இருந்தால், முட்டுகள் கையில் இருக்கும்போதே அவற்றுக்கும் பீடம் அமைத்துவிடலாம். பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும், ஈசல் பறந்து ஓய்ந்த பின் ஒரு முறையும், டார்ச் விளக்கும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு பீடத்தின் நான்கு பக்கத்தையும், தாங்கியின் கீழுள்ள இடைவெளியையும், உத்தரம் தூணின் தலையோடு சேரும் மூட்டையும் பாருங்கள். கூரை ஒழுகினால் தலைமூட்டிலும் அடியைப் போலவே நீர் தங்கும். அந்த மூட்டைப் பலர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.